பாக்கெட்டுக்குள் ஒரு பட்டறை

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)

"பைக்குள்ள என்ன தம்பி?"

நண்பர்களே, இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் ஒரு தொழிற்சாலை வாசலில் நாற்பது நிமிடம் நின்றவன் நான். அதைத்தான் மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் என் அறை நண்பன், "அதெல்லாம் எதுக்குடா? 'விஞ்ஞானம் வரமா, சாபமா'ன்னு எழுது, எல்லாரும் கைதட்டுவாங்க" என்றான். விசாரித்தேன். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்! ஆகவே வரத்தையும் சாபத்தையும் அவர்களிடமே விட்டுவிட்டு, நான் என் பாக்கெட்டில் இருப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

டிப்ளமோ படிக்கிறவன் தினமும் கையோடு என்ன கருவி வைத்திருக்க வேண்டும்? இதுதான் கேள்வி. செல்போன், பஸ் பாஸ், பேனா, கால்குலேட்டர் எல்லாம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் ஒரு ஸ்க்ரூ கழன்றால் நம்மில் பாதிப் பேர் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தேடுகிறோம். இயந்திரவியல் மாணவன் நாணயத்தால் ஸ்க்ரூ முடுக்குவதை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. நானும் முடுக்கியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஆனால் முதன்முதலாகக் கருவி வைத்திருந்தவன் நான் இல்லை. எங்கள் தாத்தா இடுப்பு அரைஞாண் கயிற்றில் ஒரு முள்வாங்கி தொங்கும். ஒரே வளையத்தில் முள் பிடுங்குகிற இடுக்கியும், காது குடைகிற சின்னக் கரண்டியும் கோத்திருக்கும். கருவேலங்காட்டில் ஆடு மேய்த்தவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மாவுக்குத் தாலிக்கயிற்றில் கோத்த நாலு ஊக்கு. காலில் முள் தைத்தால் அது, பாவாடை நாடா கோக்க அது, செருப்பு வார் அறுந்தால் அது, அடுப்புத் திரி ஓட்டை அடைத்தாலும் அதுதான். மல்டி டூல் என்று இன்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்களே, அதன் தத்துவம் அம்மாவின் கழுத்தில் பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்பா லாரி டிரைவர். நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது லாரியில் இருப்பார்கள். அவரிடம் ஒரு கத்தி இருந்தது. பவர் ஆக்ஸா பிளேடு உடைந்த துண்டை ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, கிரைண்டரில் பிடித்துத் தீட்டி, கைப்பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றியது. பட்டறைத் தெருவுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஹை ஸ்பீடு ஸ்டீல் என்பதால் கூர்மை லேசில் போகாது. ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் வளையாது, பட்டென்று உடையும். படுதா கட்டுகிற கயிற்றை அறுப்பது, வயர் சீவுவது, வெங்காயம் நறுக்குவது, டயரில் சிக்கிய கல்லை எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று அதை ஒரு பழைய துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "மெக்கானிக்கல் படிக்கப் போற... கையில ஏதாவது இருக்கோணும் கண்ணு" என்றார். பேனா வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை அவருக்கு. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கத்தியோடுதான் இன்-பிளாண்ட் டிரெயினிங் போனேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். முதல் நாள் காலை, எங்கள் குழு ஆறு பேர். கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். என் பையில் டிபன் பாக்ஸ், வெர்னியர், ரெக்கார்டு நோட்டு, அப்புறம் துணியில் சுற்றிய அது.

பிரித்துப் பார்த்த செக்யூரிட்டிக்காரர் முகம் மாறிவிட்டது. "தம்பி" என்றவர் "டேய்" என்றார். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், எதற்குக் கத்தி, யாரைக் குத்த... கேள்விகள் வரிசையாக வந்தன. தெருவின் பெயரைச் சொன்னதும் அவரும் பக்கத்தில் நின்றவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. படிக்கிற உங்களில் சிலருக்குத் தெரியும்.

எனக்குப் பின்னால் என் குழு நண்பன். அவன் சாவிக்கொத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கத்தி. சுவிட்சர்லாந்தில் செய்தது, அவன் மாமா வாங்கித் தந்தது. செக்யூரிட்டிக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கீ செயினா? ஃபாரினா? நல்லா இருக்கே!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிலும் கத்தி இருந்தது நண்பர்களே, நகவெட்டி மட்டும் இல்லை! அவன் பாவம், "அண்ணா, இதுலயும் கத்தி இருக்குண்ணா" என்று எனக்காகச் சொல்லிப் பார்த்தான். "அது வேற, இது வேற" என்று முடித்துவிட்டார்.

அப்பாவுக்குப் போன் போட்டார்கள். அவர் நாக்பூரைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், எல்லோருக்கும் கேட்டது. "ஏனுங்க சார், அது நாங் குடுத்ததுங்க. கயிறு அறுக்கறதுங்க. பையன் மேல தப்பில்லீங்க." ஒரு மணி நேரத்தில் இருபது வண்டிக்காரனிடம் சண்டை பிடிக்கிற மனுஷன், அன்று அந்த 'ங்க'வை விடவே இல்லை. கடைசியில் பயிற்சி மேலாளர் வந்து, கத்தியை வாங்கி டிராயரில் பூட்டி, "இனிமேல் கொண்டுவர மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். கையெழுத்துப் போட்டேன். எழுதிக் கொடுக்காவிட்டால் பயிற்சிச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால்... சொல்ல வேண்டுமா?

உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் என் கத்தியைப் பிடித்து வைத்திருப்பேன். மடக்க முடியாத, உறை இல்லாத, நாலு அங்குலக் கத்தி, துணியில் சுற்றியிருந்தது. பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? தொழிலுக்கென்று செய்த கத்தியை ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமாகக் கணக்கெடுப்பதில்லை, மற்றபடியும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் கேள்வி என்றெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கேட்டில் நின்று சட்டம் பேசியிருந்தால் சான்றிதழ் வந்திருக்காது. என்னுடையதைப் பிடித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அவனுடையதை விட்டதில்தான் இருக்கிறது.

அன்று ராத்திரியே அந்தச் சிவப்புக் கத்தியை அவனிடம் வாங்கி ஆராய்ச்சி செய்தேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

அதன் கதை சுவாரஸ்யமானது. கார்ல் எல்செனர் என்பவர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். அந்தச் சமயத்தில் சுவிஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுக்க முடிவு செய்தது. தகர டப்பா உணவைத் திறக்க வேண்டும், புதிதாக வந்த துப்பாக்கியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அதற்குத்தான். சண்டை போட அல்ல! முதல் கத்திகள் ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்திலிருந்து வந்தன. உள்ளூரில் அவ்வளவு செய்து தர ஆள் இல்லை. எல்செனர் மற்ற கத்திக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1891-ல் ராணுவத்துக்கு அனுப்பத் தொடங்கினார். சோலிங்கன்காரர்கள் விலையைக் குறைத்துக் கொடுத்ததால் கூட இருந்தவர்கள் விலகிவிட்டார்கள், இவர் கிட்டத்தட்ட திவாலாகிவிட்டார். விடவில்லை. 1897-ல் அதிகாரிகளுக்கென்று இன்னொரு கத்தி செய்து பதிவு செய்தார். முதுகு வில் ஒன்றையே வைத்து இரண்டு பக்கமும் கருவிகளை மடக்குகிற ஏற்பாடு அதில்தான் வந்தது. இரண்டு வேலைக்கு ஒரே ஸ்பிரிங்! மெஷின் டிசைன் பேப்பரில் இதைக் கேட்டால் நான் பத்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவேன். விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் பாதி அவர் அம்மா பெயர் விக்டோரியா. மீதி 'இனாக்ஸ்', அதாவது துருப்பிடிக்காத எஃகு. அம்மாவையும் எஃகையும் ஒட்ட வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இன்னொரு விஷயம். அந்தக் கத்தியில் எல்லா உறுப்பும் ஒரே கடினம் இல்லை. கத்தி அலகு ராக்வெல் சி அளவில் 56, கத்தரியும் அரமும் 53, ஸ்க்ரூ டிரைவரும் டப்பா திறப்பானும் 52, முதுகு ஸ்பிரிங் 49 என்று கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். ஏன்? வெட்டுகிற அலகு கடினமாக இருக்க வேண்டும். திருகுகிற முனை ரொம்பக் கடினமாக இருந்தால் உடைந்துவிடும். ஸ்பிரிங் வளைந்து வளைந்து நிமிர வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஹார்டனிங், டெம்பரிங் என்று மனப்பாடம் செய்து எழுதினோமே, அது ஏதோ ஒரு சாவிக்கொத்துக்குள் இவ்வளவு நாளாக உட்கார்ந்திருக்கிறது! நம் ஆய்வகத்து ராக்வெல் மெஷினில் வைத்துச் சரிபார்க்கலாம் என்றேன். வைரக் கூம்பு, 150 கிலோ சுமை. நண்பன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டான். "என் கத்தியில குழி போடவாடா பார்க்கற?"

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொருள். ஆனாலும் அது என் கருவி இல்லை என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. எப்படி? கணக்கு எழுதினேன்.

இதை நீங்களும் செய்து பாருங்கள். கருவி வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டில், ஒவ்வொரு நாளும் 'இப்போது இது இருந்தால் நன்றாக இருக்கும்' என்று எதை நினைத்தீர்களோ அதை ஒரு கோடு போட்டு வையுங்கள். என் நோட்டில் ஒரு மாத முடிவில், ஸ்க்ரூ முடுக்க, கழற்ற 21 கோடு: விடுதி மின்விசிறி ரெகுலேட்டர், கதவுத் தாழ்ப்பாள், மூக்குக்கண்ணாடி, டிராஃப்டர். பிடிக்க, இழுக்க, வளைக்க 17: சைக்கிள் பிரேக் வயர், கழன்ற செயின், பை ஜிப், ஆணி, சூடான பாத்திரம். கத்தரி 12. கத்தி 9. அந்த ஒன்பதில் ஏழு பார்சல் பிரிக்க, இரண்டு மாங்காய் நறுக்க. பார்சலைக் கத்தரியும் பிரிக்கும். சோடா மூடி திறக்க 2. சுருள் சுருளாகப் பன்றி வால் மாதிரி ஒன்று பெரிய சிவப்புக் கத்திகளில் இருக்கிறதே, அது பூஜ்யம். அது ஒயின் பாட்டில் தக்கை பிடுங்குவதாம்! கயிற்று முடிச்சு அவிழ்க்கத்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். முடிச்சையும் நன்றாக அவிழ்க்கும் என்பது வேறு விஷயம்.

ஆக, எனக்கு வேண்டியது பிளையர். கத்தியில் பிளையர் சேர்த்தது அல்ல, பிளையரில் மற்றதைச் சேர்த்தது.

இதையே எனக்கு முன்னால் ஒருவர் நினைத்திருக்கிறார். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துக்காரர் டிம் லெதர்மேன், நம்மைப் போல இயந்திரவியல் படித்தவர். 1975-ல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். கார் அடிக்கடி படுத்துக்கொண்டது, தங்கிய மலிவு ஓட்டல்களில் குழாய் ஒழுகியது. கையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதில் பிளையர் இல்லையே என்று ஒவ்வொரு முறையும் தவித்தார். ஊர் திரும்பியதும் ஒரு மாதத்தில் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தவருக்கு மூன்று வருடம் பிடித்தது. முதலில் வைத்த பெயர் 'மிஸ்டர் கிரஞ்ச்'. 1980-ல் பேடன்ட் கிடைத்தது. ஆனால் வாங்க ஆள் இல்லை. கத்திக் கம்பெனிக்காரன் "இது கருவி" என்றான், கருவிக் கம்பெனிக்காரன் "இது கத்தி" என்றான். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கேட்தான் ஞாபகம் வந்தது! கடைசியில் கல்லூரி நண்பர் ஒருவரோடு சேர்ந்து தானே தயாரித்து, 1983-ல் தபால் மூலம் பொருள் விற்கிற கம்பெனிகள் வழியாக விற்க ஆரம்பித்தார். முதல் வருடம் 4,000 போனால் போதும் என்று போட்ட கணக்கு, ஏறத்தாழ 30,000 போனது.

அந்த முதல் மாடலை நான் தொட்டதில்லை. ஆனால் நம் பட்டறை ஆசிரியர் ஒருவரிடம் அதே கம்பெனியின் பிற்கால மாடல் இருக்கிறது. கைப்பிடி இரண்டும் விரிந்து உள்ளேயிருந்து பிளையர் வெளியே வரும்போது மூன்றாம் ஆண்டுக்காரர்களும் வாயைப் பிளக்கிறோம். குறை இல்லாமல் இல்லை. கைப்பிடி என்பது வளைத்த தகடுதான், அழுத்திப் பிடித்தால் உள்ளங்கை வலிக்கும். நட்டைக் கழற்ற இதைப் பிடித்தால் நட்டின் முனை மழுங்கிவிடும், அதற்கு ஸ்பேனர்தான். நடுரோட்டில் டீசல் லைனில் காற்றுப் புகுந்து லாரி நின்றால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, சரியான அளவு ஸ்பேனர் வேண்டும் என்று அப்பா அடித்துச் சொல்வார். விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிய மாடல்கள் பத்தாயிரத்தைத் தாண்டுகின்றன. எங்கள் வீட்டில் பத்தாயிரம் ரூபாய்க்குத் தங்கச்சி ஸ்கூல் பீஸ், இரண்டு மாத மளிகை, இன்னும் சில பொருள்கள் உண்டு. இருபத்தைந்து வருட கேரண்டியாம். இருபத்தைந்து வருடத்துக்குப் பின்னால் நான் எங்கே இருப்பேன் என்பதற்கு யாராவது கேரண்டி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் இருநூறு ரூபாய்க்கு நடைபாதையில் விற்பது? தயவுசெய்து வேண்டாம். நான் ஒன்று வாங்கினேன். இரண்டாம் வாரம் பிளையரின் மூக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது, ரிவெட் ஆடியது. ஒரு பழைய அரத்தை எடுத்து அலகின் மேல் இழுத்துப் பார்த்தேன். சோப்பைச் சீவுவது போலக் கடித்தது! கடினப்படுத்திய எஃகின் மேல் அரம் வழுக்க வேண்டும். ராக்வெல் மெஷின் இல்லாதவனுக்கு அரம்தான் மெஷின். கடையில் அரம் போட விடமாட்டார்கள், ஆனால் வேறு இரண்டு சோதனை செய்யலாம். பிளையரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனியில் வெளிச்சம் தெரியக்கூடாது, ஒரு தாளைக் கவ்வினால் இழுத்தாலும் வரக்கூடாது. திறந்து வைத்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. இன்னொன்று, ஆணி ரிவெட் அடித்ததைவிட ஸ்க்ரூ போட்டு முடுக்கியது நல்லது. தளர்ந்தால் நாமே முடுக்கிக்கொள்ளலாம்.

மின்னியல் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் டெஸ்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போகிற நிஜமான தினசரிக் கருவி டெஸ்டர்தான். கரண்ட் பார்க்கும், ஸ்க்ரூ முடுக்கும், பெயின்ட் டப்பா திறக்கும், பசை சுரண்டும், சில பேர் உளி மாதிரி அதன் தலையில் சுத்தியலால் அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதுதான் தப்பு. உள்ளே இருக்கிற சின்ன ரெசிஸ்டர் சுமார் பத்து லட்சம் ஓம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் கால் மில்லி ஆம்பியர்கூட வராது, அதனால்தான் நாம் தலையைத் தொட்டும் உயிரோடு இருக்கிறோம். அடித்து நெம்பி அந்தப் பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டால், உள்ளே ஈரம் போனால், அந்தக் கணக்கு தப்பிவிடும். டெஸ்டரை மட்டும் மல்டி டூல் ஆக்காதீர்கள். அதேபோல மடக்குப் பிளையர் எதுவாக இருந்தாலும், ஐநூறு ரூபாயோ பத்தாயிரமோ, முழுக்க வெறும் உலோகம். மெயினை அணைக்காமல் அதை வயரில் வைக்கவே கூடாது.

சரி, கத்திக்கு வருகிறேன். இங்கேதான் என் கருத்துக்கு எதிர்ப்பு வரும். தினமும் கையோடு வைத்திருக்கிற கருவியில் கத்தி வேண்டாம் என்கிறேன் நான்.

"அதென்ன கண்ணு, கத்தி இல்லாத கத்தி? லாரிக்காரன் கயித்தப் பல்லுலயா கடிப்பான்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. லாரிக்காரருக்குக் கத்தி வேண்டும், விவசாயிக்கு வேண்டும். ஆனால் என் நோட்டில் ஒன்பது கோடுதான், அதிலும் ஏழுக்குக் கத்தரி போதும். அந்த மீதி இரண்டு மாங்காய்க்காக நான் ஒவ்வொரு கேட்டிலும் யாருடைய பார்வைக்கோ பதில் சொல்ல வேண்டுமா? பஸ் ஸ்டாண்டில் சோதனை, கம்பெனியில் சோதனை. சில ஊர்களில் மாணவர்கள் அரிவாளோடு பிடிபட்ட செய்தி வந்தாலே மறுநாள் எல்லோர் பையும் கவிழ்க்கப்படுகிறது. யார் பை முதலில் கவிழ்க்கப்படும் என்பது எனக்குத் தெரியும்.

"அப்போ பயந்துட்டியா?" என்றான் அறை நண்பன். ஆமாம், பயம்தான். கொஞ்சம் கோபமும். என் கத்தியை விட்டுக்கொடுப்பது அந்தக் கேட்காரருக்கு ஜெயம் கொடுப்பது போல என்று எனக்கும் தோன்றுகிறது. இரண்டு மூன்று நாள் தூங்காமல் யோசித்தேன். ஆனால் நான் அங்கே போனது கத்தியை ஜெயிக்க வைக்க அல்ல, சான்றிதழ் வாங்க. எங்கள் வீட்டில் இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

ஒரு ஆறுதல் உண்டு. அந்தச் சிவப்புக் கத்திக்கே இப்போது இதே பாடு. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் விமானத்தில் கத்தி கூடாது என்றானதும் அவர்கள் விற்பனை சட்டென்று சரிந்தது. 2024-ல் அந்தக் கம்பெனியின் தலைவர், முதல் எல்செனரின் கொள்ளுப்பேரன், கத்தி அலகே இல்லாத பாக்கெட் கருவிகளை உருவாக்கிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகுகின்றன, அலகு இருந்தாலே ஆயுதம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். நூற்றுமுப்பது வருடத்துக்கும் மேலாகக் கத்தி செய்தவருக்கே அந்த நிலை என்றால் சைக்கிள் டியூப் சுற்றிய எங்கள் கத்தி எந்த மூலைக்கு!

இனி என் கருவி. டிரெயினிங் ஸ்டைபண்டில் மிச்சம் பிடித்து, டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஏழெட்டு மடக்குப் பிளையர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து (கடைக்காரர், "தம்பி, பொண்ணு பார்க்கிறியா?" என்றார்) ஒன்றை எடுத்தேன். 650 ரூபாய். பெரிய பெயர் எதுவும் அதன் மேல் இல்லை. பிளையர், வயர் வெட்டி, இரண்டு ஸ்க்ரூ டிரைவர், அரம், கத்தரி, மூடி திறப்பான், ஒரு கத்தி. அறைக்கு வந்ததும் ஸ்டார் பிட்டால் கைப்பிடி ஸ்க்ரூவைக் கழற்றிக் கத்தியை எடுத்துவிட்டேன். எடுத்தால் அந்த இடம் காலியாகி மற்றதெல்லாம் லொடலொடவென்று ஆடியது. அலகின் அடிப்பகுதியை வெர்னியரில் அளந்தேன், 2.4 மி.மீ. பட்டறையில் ஆசிரியர் அனுமதியோடு அதே கனத்தில் ஒரு வாஷரை லேத்தில் கடைந்து போட்டேன். முதல் வாஷர் 2.6 ஆகிவிட்டது, கருவி மடங்கவே இல்லை. இரண்டாவதை எமரி தாளில் தேய்த்துத் தேய்த்து 2.4-க்குக் கொண்டுவந்தேன். இப்போது வெண்ணெய் மாதிரி மடங்குகிறது. மூன்று வருடத்தில் நான் செய்த ஜாப்களில் மதிப்பெண் இல்லாமல் செய்த முதல் ஜாப் அதுதான், அதனால்தானோ என்னவோ ஒழுங்காக வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அதே கம்பெனிக்கு, மிச்சமிருந்த பயிற்சி நாட்களுக்குப் போனேன். அதே கேட், அதே ஆள். கையில் வாங்கி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "கத்தி எங்க?" என்றார். "கழட்டிட்டேண்ணா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, தன் டேபிள் ஃபேனின் கூண்டு ஆடுகிறது, முடுக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடுக்கிக் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். நண்பராகிவிட்டோம் என்று எழுத ஆசைதான், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அந்த நாற்பது நிமிடம் அப்படியேதான் இருக்கிறது.

பேரவைக்கு ஒரு கோரிக்கை. இன்-பிளாண்ட் டிரெயினிங்குக்கு நம்மை அனுப்பும்போது கல்லூரி ஒரு கடிதம் தருகிறது அல்லவா? அதன் அடியில், இந்த மாணவர் இன்னின்ன கருவிகளைக் கொண்டுவருகிறார் என்று ஒரு பட்டியல் போட்டு, பட்டறைக் கண்காணிப்பாளர் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தர ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வரி வேலை. சிவப்புக் கத்திக்காரனுக்கு அது தேவைப்படாது. எங்களுக்குத் தேவைப்படும். முதலாண்டில் சேரும் ஒவ்வொருவருக்கும் பேரவை நிதியிலிருந்து ஒரு நல்ல டெஸ்டராவது கொடுக்கலாம் என்பது இன்னொரு யோசனை. வருடா வருடம் ஆண்டு விழாவில் கொடுக்கிற பிளாஸ்டிக் கேடயங்களின் செலவைப் பேரவைச் செயலர் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

போன ஆயுத பூஜைக்கு அப்பா வண்டியோடு ஊரில் இருந்தார். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, முன்னால் ஒரு பலகையில் ஜாக்கி, ஸ்பேனர், டயர் லிவர் எல்லாவற்றையும் பரப்பிப் பொட்டு வைத்தோம். மேலாளர் டிராயரிலிருந்து திரும்பி வந்த அந்தக் கத்திக்கும் ஒரு சந்தனப் பொட்டு. என் பிளையரையும் பக்கத்தில் வைத்தேன். அம்மா கழுத்திலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, "இதுவும் ஆயுதந்தான், வையி" என்று வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் அப்பா என் பிளையரை எடுத்து விரித்து மடக்கி, விரித்து மடக்கி, வண்டியின் ஹாரன் வயரை முறுக்கிப் பார்த்தார். கத்தரியால் ஒரு கயிற்று நுனியை வெட்டிப் பார்த்தார்.

"பரவால்லியே" என்றார். அப்புறம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார், பிளையரோடு. போன் பண்ணினால், "நீ வேற ஒண்ணு செஞ்சுக்க சாமி, உனக்குத்தான் லேத் இருக்குதே" என்கிறார். அடுத்ததுக்கு இன்னும் 240 ரூபாய் சேர வேண்டும். அதுவரை என் சட்டைப் பையில் அம்மா கொடுத்த ஊக்கு.